சிடி ரைட்டர் காணாமல் போன வாரம்

2004ஆம் ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, என் கம்ப்யூட்டரிலிருந்து சிடி ரைட்டர், அதாவது வெற்று சிடியில் எழுதும் டிரைவ், காணாமல் போனது. திருட்டு ஒன்றும் இல்லை. பெட்டியின் முகப்பில் அது அப்படியேதான் இருந்தது. பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வந்தது, பச்சை விளக்கு மினுக்கியது, உள்ளே வட்டு சுற்றுகிற சத்தம்கூடக் கேட்டது. விண்டோஸ் மட்டும் அப்படி ஒரு சாமானே இந்த வீட்டில் இல்லை என்றது.

சனிக்கிழமை அக்கா மகள் சமூக மன்றத்தில் ஆட வேண்டும். பாட்டு முழுவதும் சிடியிலிருந்துதான் ஒலிக்கப் போகிறது. அந்த சிடியை நானே செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்திருந்தேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவள். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் பிரிண்டரில் தாள் சிக்கினாலும் எனக்குத்தான் போன் வரும், டிவியில் படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் எனக்குத்தான் போன் வரும். “நீதான் இதெல்லாம் நோண்டுவியே” என்பாள் அக்கா. நோண்டத் தெரிந்தவளுக்கும் சரிசெய்யத் தெரிந்தவளுக்கும் உள்ள தூரத்தை அந்த வாரம்தான் அளந்து பார்த்தேன்.

பெட்டி, சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் பாகம் பாகமாகப் பொறுக்கிக் கடைக்காரரிடமே கொடுத்துப் பூட்டி வாங்கியது. பென்டியம் 4, 256 எம்பி நினைவகம், விண்டோஸ் எக்ஸ்பி. மேலே டிவிடி படிக்கிற டிரைவ், கீழே 52 வேக சிடி ரைட்டர். டிரைவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஐடிஇ கேபிள் ஒன்றிலேயே இரண்டும் தொங்கின, ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். அப்போது ஏறக்குறைய எல்லார் வீட்டுப் பெட்டியும் இந்த அமைப்பில்தான் இருந்தது.

முந்தைய சனிக்கிழமை நடன டீச்சர் இரண்டு கேசட்டுகள் கொடுத்திருந்தார். சென்னையில் ஆள் வைத்துப் பதிவு செய்த பாட்டுகள். அலாரிப்பு, ஜதிஸ்வரம், வர்ணம், ஒரு பதம், தில்லானா. எல்லாம் சேர்த்து 70 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சிடியில் 80 நிமிட ஒலி போகும் என்பதால் இடப் பிரச்சினை இல்லை. கேசட் பிளேயரிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கம்ப்யூட்டரின் பின்னால் செருகி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பதிவு செய்தேன். வர்ணம் நீளமானது, கேசட்டின் முதல் பக்கத்தில் தொடங்கி இரண்டாம் பக்கத்தில் முடியும். அதனால் அது இரண்டு கோப்பாக வந்தது. இந்த இரண்டு கோப்பு விஷயம் பிறகு என் கழுத்தைப் பிடிக்கப் போகிறது என்று அப்போது தெரியாது.

ஞாயிறு இரவு முதல் சிடியை ரைட் செய்தேன். 52 வேக ரைட்டர் நான்கு நிமிடத்தில் துப்பியிருக்க வேண்டியதை அரைமணி நேரம் வைத்து மென்றது. அதுவரைக்கும் மவுஸ் அம்பு திரையில் நொண்டியது, கடிகாரம் நின்று நின்று ஓடியது. கடைசியில் வந்த வட்டை ஹாலில் இருந்த பிளேயரில் போட்டால் ஜதிஸ்வரம் நடுவில் குதித்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிடி வேகத்தில் ‘1’ என்பது நொடிக்கு 150 கிலோபைட். 52 என்றால் 7,800 கிலோபைட், அதுவும் வட்டின் வெளி ஓரத்துக்குப் போகும்போதுதான். உள்பக்கம் எழுதும்போது அதில் பாதிகூட வராது. லேசர் எழுதத் தொடங்கினால் தரவு தடையில்லாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். வரும் தரவைத் தேக்கி வைக்கும் ரைட்டரின் சின்னத் தொட்டி காலியானால் பழைய நாளில் வட்டு அங்கேயே பாழ். தேத்தண்ணீர்க் குவளைக்கு அடியில் வைக்கத்தான் ஆகும். 2000 வாக்கில் சான்யோ கொண்டுவந்த ‘பர்ன் புரூஃப்’ மாதிரியான ஏற்பாடுகள் வந்தபின், தொட்டி காலியானால் லேசர் நின்று, தரவு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். வட்டு பிழைத்துக்கொள்ளும். ஆனால் இந்த வசதி மூலக்கோளாறையும் மூடி மறைத்துவிடுகிறது. என் ரைட்டர் அன்றிரவு நூறு முறையாவது நின்று தொடர்ந்திருக்கும். நான் அதைத் ‘தாமதம்’ என்று மட்டும் நினைத்தேன்.

சரி, மென்பொருள்தான் மோசம் போல என்று முடிவு கட்டினேன். ரைட்டரோடு கூடவே வந்த இலவச மென்பொருளில்தான் முதல் சிடி எழுதினேன். திங்கள்கிழமை அலுவலகத்தில் ஒருவர் வேறொரு மென்பொருளைக் கொடுத்தார், அதையும் முதலாவதை எடுக்காமலே அதன் மேல் போட்டேன். இது போக, திரும்பத் திரும்ப எழுதும் வட்டை நெகிழ்வட்டு மாதிரிப் பயன்படுத்த உதவும் இன்னொரு மென்பொருளை ஆறு மாதம் முன்பே போட்டு மறந்திருந்தேன். கோப்பை இழுத்து வட்டில் போட்டால் அப்படியே எழுதிக்கொள்ளும் ரகம். இல்லாத சிடி டிரைவ் ஒன்றை இருப்பதாகக் காட்டும் மென்பொருளும் இருந்தது, அக்கா மகன் விளையாட்டுக்காகப் போட்டுவிட்டுப் போனது. எக்ஸ்பிக்கும் தன் பங்குக்குச் சொந்தமாக சிடி எழுதும் வசதி உண்டு. ஆக, ஒரு ரைட்டருக்கு ஐந்து எஜமானர்கள்.

இவை எல்லாமே திறந்து பயன்படுத்தும்போது மட்டும் வேலை செய்பவை என்று நினைத்திருந்தேன். அது தவறு. இவற்றில் பெரும்பாலானவை நிறுவும்போதே ஃபில்டர் டிரைவர் என்ற சின்ன நிரல் ஒன்றை விண்டோஸுக்கும் சிடி டிரைவுக்கும் நடுவில் உட்கார வைத்துவிடும். விண்டோஸ் டிரைவிடம் சொல்வதெல்லாம் இந்த இடைத்தரகர்கள் வழியாகத்தான் போகும். ஒரு தரகர் இருந்தால் பரவாயில்லை. வரிசையாக நான்கு பேர் உட்கார்ந்து, ஒருவர் சொன்னதை அடுத்தவர் மாற்றிச் சொன்னால் என்ன ஆகும்? புதிய மென்பொருளில் ‘ரைட்’ அழுத்தினால் “டிரைவ் வேறொரு நிரலின் பயன்பாட்டில் உள்ளது” என்று வந்தது. கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் பதுங்கியிருந்த அந்த இழுத்துப் போடும் மென்பொருள், நான் வெற்று வட்டைச் செருகியதுமே அதைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. அதை மூடியதும் அந்தச் செய்தி போனது. நொண்டல் போகவில்லை.

அப்போதாவது நிதானமாக யோசித்திருக்கலாம். நான் ரைட்டருக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் நிரலுக்கு, அதாவது ஃபர்ம்வேருக்குப் போனேன்.

ஏன் போனேன் என்றால், அந்தச் சொல் பெரிதாக இருந்தது. அவ்வளவுதான். ரைட்டர் தயாரித்தவர்களின் இணையப் பக்கத்தில் புதிய ஃபர்ம்வேர் இருந்தது, ‘வட்டுப் பொருத்தம் மேம்பட்டது’ என்று போட்டிருந்தார்கள். என் சிக்கலுக்கு எழுதிவைத்த மருந்து போலத் தெரிந்தது. ஃபர்ம்வேர் ஏற்றும்போது நடுவில் மின்சாரம் போனால் டிரைவ் செங்கல்லாகிவிடும் என்றும் படித்திருந்தேன். சிங்கப்பூரில் மின்சாரம் அவ்வளவு சுலபமாகப் போகாதுதான். ஆனால் எங்கள் வீட்டில் பழைய வெட் கிரைண்டர் ஒன்று இருந்தது. ஈரம் பட்டால் அது கசிந்து வீட்டு மெயினையே விழவைத்துவிடும். தீபாவளிப் பலகாரத்துக்கு அம்மா அன்றுதான் உளுந்து ஊறப்போட்டிருந்தார்.

“அம்மா, அஞ்சு நிமிஷம் கிரைண்டரைப் போடாதம்மா.”

“எதுக்கு?”

“சிடி ரைட்டருக்கு ஆபரேஷன்.”

அம்மா கையில் உளுந்துச் சட்டியோடு என் அறை வாசலிலேயே நின்றார், ஆபரேஷன் முடியும்வரை.

முதல் முயற்சியில் ஃபர்ம்வேர் ஏற்றும் நிரலுக்கு டிரைவே தெரியவில்லை. காரணம் அந்த இடைத்தரகர்கள்தான். கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்ததையெல்லாம் மூடி, டிரைவிலிருந்து வட்டையும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஏறியது. பதிப்பு எண் மாறியது. மறுபடி கம்ப்யூட்டரைத் தொடங்கி ஒரு சிடி எழுதினேன். அதே நொண்டல், அதே அரைமணி நேரம்.

ஃபர்ம்வேர் வீண் என்று சொல்ல மாட்டேன். தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் வாங்கிய 50 வட்டுக் கூடு ஒன்று இருந்தது. அதற்கு இதுவரை ரைட்டர் 16 வேகத்துக்கு மேல் தந்ததில்லை, ஃபர்ம்வேர் மாற்றியபின் 40 வரை காட்டியது. வெற்று வட்டின் உட்பகுதியில் அது யார் தயாரிப்பு, லேசர் எழுதும் படலம் எந்த வகைச் சாயம் என்பதற்கான குறி இருக்கும். ரைட்டர் அதைப் படித்து, தன் ஃபர்ம்வேரில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டு, லேசரை எவ்வளவு சக்தியில் எப்படித் துடிக்கவிட வேண்டும் என்று முடிவு செய்யும். பட்டியலில் இல்லாத புது வட்டு என்றால் பொதுவான ஒரு கணக்கில், பயந்து பயந்து எழுதும். ஃபர்ம்வேர் சரிசெய்வது பெரும்பாலும் இதைத்தான். ஒரு குறிப்பிட்ட நிறுவன வட்டு மட்டும் மக்கர் செய்து மற்றவை நன்றாக எழுதினால் ஃபர்ம்வேரைப் பார்க்கலாம். எந்த வட்டைப் போட்டாலும் கம்ப்யூட்டரே நொண்டுகிறது என்றால் அங்கே போக வேண்டாம். எனக்கு எல்லா வட்டிலும் நொண்டியது. கண்ணெதிரே இருந்த குறிப்பு, நான்தான் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இரவு பொறுமை போய்விட்டது. நான்கு மென்பொருளையும் ஒரே மூச்சில் நீக்கினேன். ஒவ்வொன்றும் “இப்போது மறுதொடக்கம் செய்யவா?” என்று கேட்டது. ஒவ்வொன்றுக்கும் “பிறகு” என்று சொல்லிவிட்டு, கடைசியில் ஒரே ஒருமுறை தொடங்கினேன். திரும்பி வந்தபோதுதான் ரைட்டரைக் காணோம். கூடவே மேலே இருந்த டிவிடி டிரைவையும் காணோம்.

கம்ப்யூட்டரின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் பார்த்தால் இரண்டின் மேலும் மஞ்சள் ஆச்சரியக்குறி. ‘டிரைவர் கெட்டிருக்கலாம் அல்லது காணாமல் போயிருக்கலாம், கோட் 39’ என்று ஒரு வரி.

புதன்கிழமை வேலை முடிந்து நேரே சிம் லிம்முக்குப் போனேன். பெட்டியைப் பூட்டிக் கொடுத்த அங்கிள் கதையைக் கேட்டுவிட்டு, “சேஞ்ச் கேபிள் ஃபர்ஸ்ட் லா” என்றார். எந்த நோய்க்கும் அவர் முதலில் எழுதித்தரும் மருந்து அது. மூன்று வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு புதிய ஐடிஇ கேபிள் வாங்கினேன். கூடவே ஒரு புது ரைட்டரையும் காட்டினார். கை அரித்தது. ஆனால் எஸ்கலேட்டரில் இறங்கும்போது ஒன்று உறைத்தது. வேறு வேறு நிறுவனத்தின் இரண்டு டிரைவுகள், ஒன்றை நான் தொட்டதே இல்லை, இரண்டும் ஒரே மறுதொடக்கத்தில் எப்படிச் சாகும்? கேபிள் போயிருந்தால் டிவைஸ் மேனேஜரில் பெயரே வந்திருக்காது. அங்கே இரண்டின் பெயரும் மாடல் எண்ணோடு சரியாக வந்திருந்தது. ஆக வன்பொருள் இருக்கிறது, கேபிள் பேசுகிறது. கோளாறு விண்டோஸுக்குள்தான். ரைட்டர் வாங்கும் எண்ணத்தை அங்கேயே விட்டேன்.

அலுவலகத்தில் சிஸ்டம் பார்க்கும் தம்பி ஒருவர், திருச்சிக்காரர். அன்றிரவு அவருக்குப் போன் போட்டேன். கோட் 39 என்றதும் சிரித்தார். “அக்கா, எத்தனை ரைட்டிங் சாஃப்ட்வேர் எடுத்தீங்க?” என்றார். எண்ணிச் சொன்னேன். “அதான். ஆள் போயிட்டான், பேர் மட்டும் வருகைப் பதிவேட்டுல இருக்கு.”

அவர் சொன்னதன் சாரம் இதுதான். மென்பொருளை நீக்கும்போது அதன் ஃபில்டர் டிரைவர் கோப்பு அழிந்துவிட்டது. ஆனால் ‘சிடி டிரைவைத் தொடங்குமுன் இந்த ஃபில்டரை ஏற்று’ என்று விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் எழுதியிருந்த வரி அப்படியே கிடந்தது. விண்டோஸ் அந்தப் பெயரைத் தேடுகிறது, ஆள் இல்லை, ஆகவே டிரைவையே தொடங்க மாட்டேன் என்கிறது. அந்த வரி ஒரு தனி டிரைவுக்கு உரியது இல்லை, சிடி, டிவிடி வகை முழுவதற்கும் பொதுவானது. அதனால்தான் இரண்டும் ஒன்றாகப் போயின.

மருந்து சின்னது, ஆனால் கை நடுங்க வைக்கும். ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று இறங்கினால் அடைப்புக்குறிக்குள் நீள நீளமான எண்கள் வரிசையாக வரும். அதில் ‘4டி36ஈ965’ என்று தொடங்குவது சிடி, டிவிடி டிரைவுகளுக்கானது. அதைச் சொடுக்கினால் வலது பக்கம் ‘அப்பர் ஃபில்டர்ஸ்’, ‘லோவர் ஃபில்டர்ஸ்’ என்று இரண்டு பெயர்கள், அல்லது ஒன்றாவது இருக்கும். அவற்றை அழித்துவிட்டு மறுதொடக்கம். அவ்வளவே.

ஆனால் தம்பி இரண்டு முறை திருப்பிச் சொன்ன எச்சரிக்கை இன்னும் காதில் இருக்கிறது. அதே வரிசையில் முதல் துண்டு ‘967’ என்று முடிவது ஹார்ட் டிஸ்குக்கு உரியது, ‘96பி’ கீபோர்டுக்கு. ஓர் இலக்கம்தான் வித்தியாசம். அங்கேயும் ‘அப்பர் ஃபில்டர்ஸ்’ என்ற அதே பெயர் இருக்கும். கீபோர்டுக்கு உரியதை அழித்தால் கீபோர்டு செத்துப்போகும். அதனால் எண்ணை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தபின், அந்தக் கிளையை முதலில் ‘எக்ஸ்போர்ட்’ செய்து ஒரு கோப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் கை வைக்கலாம். நான் அம்மாவை எதிரே உட்கார வைத்து எண்ணைப் படிக்கச் சொன்னேன். “ஒன்பது, ஆறு, அஞ்சு” என்று பஞ்சாங்கம் படிப்பதுபோலப் படித்தார்.

மறுதொடக்கம் ஆனது. இரண்டு டிரைவும் வந்து உட்கார்ந்தன.

இப்படி அழித்தால், இன்னும் நிறுவப்பட்டிருக்கும் வேறு மென்பொருள்களின் ஃபில்டரும் சேர்ந்து போய்விடும். அவை டிரைவைக் காணோம் என்று புலம்பினால், தேவையானதை மட்டும் மறுபடி நிறுவிக்கொள்ளலாம். நான் ஒன்றே ஒன்றை மட்டும் திரும்பப் போட்டேன். எக்ஸ்பியின் சொந்த வசதியையும் நிறுத்தினேன். டிரைவின் மேல் வலது சொடுக்கி, ‘புராப்பர்டீஸ்’ போய், ‘ரெக்கார்டிங்’ பக்கத்தில் ஒரு டிக்கை எடுத்தால் போதும்.

டிரைவ் வந்துவிட்டதே தவிர, நொண்டல் அப்படியே இருந்தது. அங்கிளின் மூன்று வெள்ளிக் கேபிளை அப்போதுதான் மாட்டினேன். மாற்றமில்லை. ஆனால் அந்தக் கேபிளுக்கு நான் நன்றிக்கடன்பட்டிருக்கிறேன், ஏன் என்று சொல்கிறேன்.

வியாழக்கிழமை தம்பி மதிய உணவு நேரத்தில் தாள் ஒன்றில் வழி எழுதிக் கொடுத்தார். டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கன்ட்ரோலர்கள், அதில் இரண்டு டிரைவும் தொங்கிய ‘செகண்டரி’ சேனல், அதன் ‘அட்வான்ஸ்டு’ பக்கம். ‘இயன்றால் டிஎம்ஏ’ என்று தேர்வு செய்யப்பட்டிருந்தது. ஆனால் ‘தற்போதைய முறை’ என்ற இடத்தில் பிஐஓ என்று போட்டிருந்தது.

டிஎம்ஏ என்றால் டிரைவும் நினைவகமும் நேராகக் கொடுக்கல் வாங்கல் செய்துகொள்ளும். பிஐஓ என்றால் ஒவ்வொரு கை தரவையும் பிராசஸரே அள்ளி அள்ளிப் போட வேண்டும். கணக்குப்படி பிஐஓவின் உச்ச வேகமும் 52க்குப் போதுமானதுதான், ஆனால் பிராசஸருக்கு வேறு எதற்கும் கை ஒழியாது. மவுஸ் நொண்டியது, கடிகாரம் நின்றது, தொட்டி காலியானது எல்லாவற்றுக்கும் காரணம் இந்த மூன்றெழுத்து.

யார் மாற்றியது? எக்ஸ்பியேதான். ஒரு டிரைவோடு பேசும்போது ஆறு முறை தவறு நேர்ந்தால், அதை நம்பாமல் வேகத்தை ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டே வந்து, கடைசியில் பிஐஓவில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். ஆறும் ஒரே நாளில் நேர வேண்டும் என்று இல்லை, மாதக்கணக்கில் சேர்ந்தாலும் கணக்குத்தான். கீறல் விழுந்த பாட்டு வட்டு இரண்டைப் படிக்க வைத்துப் போராடியதே போதுமாக இருந்திருக்கும். இன்னும் கொடுமை, ஒருமுறை இறக்கியதை அது தானாக ஏற்றாது.

ஏற்றும் வழி: அதே ‘செகண்டரி’ சேனலை வலது சொடுக்கி ‘அன்இன்ஸ்டால்’ கொடுத்து மறுதொடக்கம் செய்ய வேண்டும். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து, பழைய குற்றப் பட்டியல் இல்லாமல் டிஎம்ஏவில் தொடங்கும். செய்தேன். வேலை செய்தது. தவறுகளுக்கு மூலம் பழைய கேபிளாக இருந்திருந்தால் மறுபடி ஆறு சேர்ந்து மறுபடி பிஐஓவுக்கு இறங்கியிருக்கும். அங்கிள் கேபிள் மாட்டியபின் அந்தப் பெட்டியை விற்கும்வரை இறங்கவே இல்லை. நன்றிக்கடன் அதற்குத்தான்.

வியாழன் இரவு எட்டு மணிக்கு ஐந்து நிமிடத்தில் ஒரு சிடி வந்தது. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். நல்ல வட்டை வீணாக்க வேண்டாம் என்று திரும்ப எழுதும் வட்டில் எழுதி, ஒத்திகைக்கு எடுத்துப் போனேன். சமூக மன்றத்தின் பழைய பிளேயர் அதைப் போட்டதும் ‘நோ டிஸ்க்’ என்றது. திரும்ப எழுதும் வட்டு ஒளியைக் கால்வாசிக்கு மேல் திருப்பி அனுப்பாது. கடையில் வாங்கும் பாட்டு சிடியோ, ஒருமுறை எழுதும் வட்டோ அதைவிடப் பல மடங்கு மின்னும். பழைய பிளேயர்களுக்கு மங்கலான வட்டு கண்ணில் படாது. மேடைக்குப் போகும் எதையும் ஒருமுறை எழுதும் வட்டிலேயே எழுத வேண்டும்.

நல்லவேளை, ஞாயிறு எழுதிய குதிக்கிற சிடியும் பையில் இருந்தது. அதைப் போட்டார்கள். வர்ணம் பாதி போனது, அப்போது பாட்டு சட்டென்று நின்றது. அக்கா மகள் அரைமண்டியில், கையில் கடகாமுகத்தோடு, மூச்சுப் பிடித்து நின்றாள். ஒன்று, இரண்டு. பாட்டு திரும்ப வந்தது, ஆனால் தாளம் போயிருந்தது. டீச்சர் தட்டுக்கழியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அது பழுது இல்லை. ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியாக எழுதும் முறையில் லேசர் நடுவில் அணைந்து எரியும், இரண்டு டிராக்குக்கும் நடுவே இரண்டு நொடி மௌனம் விழும். சினிமாப் பாட்டுக்கு யாரும் கவலைப்பட மாட்டார்கள். வர்ணத்தை வெட்டினால் கொலை. முழு வட்டையும் ஒரே ஓட்டமாக எழுதும் முறையைத் தேர்ந்தெடுத்து, இடைவெளியை பூஜ்யமாக்க வேண்டும். என் மென்பொருளில் அது ‘டிஸ்க் அட் ஒன்ஸ்’ என்ற பெயரில் மூன்றாவது பக்கத்தில் ஒளிந்திருந்தது. நான் அதையும் செய்தேன், இரண்டு கோப்பையும் ஒலித் தொகுப்பு நிரலில் ஒட்டி ஒன்றாகவும் ஆக்கினேன். டீச்சரின் அந்தப் பார்வை வேலை செய்தது.

வெள்ளிக்கிழமை 16 வேகத்தில் மூன்று பிரதி எழுதினேன். ஒன்றாம் வேகத்தில் எழுதினால்தான் சுத்தம் என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். அதிவேகத்துக்கென்று செய்த சாயத்தை மிக மெதுவாக எழுதினால் சில நேரம் தரம் குறையத்தான் செய்யும். நடுவாந்தரம் போதும். மூன்றையும் ஹால் பிளேயரிலும் அத்தான் காரிலும் முழுதாக ஓட்டிக் கேட்டேன். மேலே ஸ்டிக்கர் ஒட்டவில்லை, கொஞ்சம் கோணலாக ஒட்டினாலும் வேகமாகச் சுற்றும்போது வட்டு ஆடும். உள்வளையத்தில் மட்டும் பேனாவால் எழுதினேன்.

கோப்புகளின் மூலப் பிரதியை ஒரு தரவு வட்டிலும் போட்டு வைத்தேன். அதில் தமிழில் பெயர் வைத்திருந்தேன். ‘ஜோலியட்’ என்ற தேர்வைப் போட்டால் தமிழ்ப் பெயர் அப்படியே நிற்கும், இல்லாவிட்டால் கீழ்க்கோடுகளாக மாறிவிடும். ஒரு பெயரில் 64 எழுத்துதான் கொள்ளும், ஆனால் கம்ப்யூட்டர் புள்ளியையும் கொம்பையும் தனித்தனி எழுத்தாக எண்ணும். நமக்கு நான்கெழுத்தான ‘வர்ணம்’ அதற்கு ஆறு. டீச்சர் சொன்ன ராகம், தாளம், இயற்றியவர் பெயரெல்லாம் சேர்த்து வைத்த ஒன்று பாதியில் வெட்டுப்பட்டது.

சனிக்கிழமை நன்றாக நடந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பாட்டு நிற்கவில்லை.

இப்போது எதற்கு இந்தக் கதை என்றால், போன மாதம் அக்கா மகள் போன் செய்தாள். அவளுடைய மகளும் ஆடக் கற்கிறாள். “சித்தி, அந்த வர்ணம் சிடி இருக்கா?” இருந்தது, துணி அலமாரியில், புடவைகளுக்கு நடுவில். இந்த ஊர் ஈரத்தில் அது தப்பித்ததே பெரிது. லேசான பூஞ்சைப் புள்ளிகள் இருந்தன. மென்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால் கீறல் டிராக்கின் போக்கிலேயே விழும், படிக்க முடியாமல் போகும்.

லேப்டாப்பில் டிரைவ் கிடையாது. மெல்லிய யுஎஸ்பி டிரைவ் ஒன்றை வாங்கினேன். ஒரு துளையைப் பலவாக்கும் ஹப்பில் செருகினால் கிர் கிர் என்று சுற்றத் தொடங்கி அணைந்தது. இந்த டிரைவுகளுக்குச் சுழலத் தொடங்கும்போது அதிக மின்சாரம் வேண்டும், பழைய யுஎஸ்பி 2 துளை தருவது 500 மில்லி ஆம்பியர்தான், ஹப் அதையும் பலருக்குப் பங்கு பிரிக்கும். லேப்டாப்பிலேயே நேராகச் செருகியதும் நன்றாகச் சுற்றியது.

விண்டோஸ் 11 டிரைவைக் காட்டவில்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி, கோட் 19.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. எப்போதோ போட்டு நீக்கிய ஏதோ ஒரு மென்பொருள் தன் பெயரை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதே ரெஜிஸ்ட்ரி, அதே கிளை, ‘4டி36ஈ965’. இருபது வருடத்தில் அந்த எண் மாறவில்லை. ‘எக்ஸ்போர்ட்’ செய்தேன், அழித்தேன், டிரைவ் வந்தது. எண்ணைப் படிக்க இந்த முறை அம்மா இல்லை, நானே வாய்விட்டு இரண்டு தரம் படித்துக்கொண்டேன்.

வர்ணம் முழுதாகக் கிடைத்துவிட்டது. தில்லானா கடைசி டிராக், வட்டின் வெளி ஓரத்தில் இருப்பது. சிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படும், விரல் படுவதும் ஈரம் ஏறுவதும் முதலில் ஓரத்தில்தான். மேலும் பாட்டு சிடியில் தரவு சிடிக்கு இருக்கும் கூடுதல் பிழைதிருத்தம் கிடையாது. ஒரே இடத்தைப் பல முறை படித்து ஒப்பிடும் நிரல் ஒன்றை இரவெல்லாம் ஓடவிட்டும் நடுவில் பதினோரு நொடி இன்னும் வரவில்லை. ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பதுண்டு. அத்தான் வீட்டு ஸ்டோர் ரூமில் பழைய பெட்டி ஒன்று கிடக்கிறது, அதில் நல்ல டெஸ்க்டாப் ரைட்டர் இருக்கிறது. சனிக்கிழமை போய்க் கழற்றிக்கொண்டு வரவேண்டும். கேபிளையும்தான்.